நிலைமை, செய்தது, விளைவு

ஜூன் 2, திங்கள். கோவில்பட்டி

இந்தக் குறிப்பேட்டில் வரப்போகிறவை:

1. ஜெர்மனியிலுள்ள ஒரு தொழிற்பயிற்சி நிறுவனமும் எங்கள் மையமும் சேர்ந்து, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அங்கே வேலைப்பயிற்சிக்கு ஆயத்தம் செய்யும் முறை. பிற்பாடு அறிக்கை எழுத உதவும்.
2. நேர்முகத் தேர்வுப் பயிற்சியில் மாணவர்களின் முன்னேற்றம்.
3. மின்விசிறி, தண்ணீர், தாழ்ப்பாள் முதலிய சில்லறைப் பராமரிப்பு. இதுவும் என் தலையில்தான்.
4. நான் கண்ணால் பார்த்தவை மட்டும். கேள்விப்பட்டது வராது.
5. என்னைப் பற்றி அதிகம் இருக்காது. என்னால் இதுவரை யாருக்கும் பெரிய நன்மையோ கெடுதலோ நேர்ந்ததில்லை. இனியும் நேராது. அதற்கு வேண்டிய திடம் எனக்குக் கிடையாது.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் ஒருங்கிணைப்பாளர் பதவி தேவையா என்று எனக்கே சந்தேகம். மனைவி காந்திமதிக்குச் சந்தேகமே இல்லை. "வீட்டுல ஒரு பல்லிய வெரட்ட ஒங்களுக்குத் துப்பில்ல. இதுல ஜெர்மனிக்கு ஆள் அனுப்பப் போறீங்களாக்கும்" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

ஜெர்மனியிலிருந்து ஹைக்கே அம்மையார் காணொளியில் மாணவர்களோடு பேசினார். அவர்தான் அந்த நிறுவனத்தில் எங்கள் திட்டத்தைக் கவனிப்பவர். ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன்.

அவருடைய கேள்விகளில் முக்கியமானது இது: "நீங்கள் சிக்கிக்கொண்ட ஒரு மோதலைச் சொல்லுங்கள். அதில் என்ன செய்தீர்கள்?" பதிலை மூன்று பகுதியாகச் சொல்ல வேண்டும். நிலைமை, செய்தது, விளைவு. நடுப்பகுதிதான் உயிர் என்றார். மற்றவர் செய்தது அல்ல, 'நாங்கள்' செய்தது அல்ல, 'நான்' செய்தது. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது.

இரண்டு விதிகள். முதலாவது, பயிற்சி அறையில் சொன்னது அறைக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது, வாரத்தின் சிறந்த பதிலைச் சனிக்கிழமை பெரிய கூடத்தில் எல்லோருக்கும் திரையில் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணோ என்று தோன்றியது. கேட்டால் அசடு என்று நினைப்பாரோ என்று கேட்கவில்லை. கூடமும் ஓர் அறைதானே.

கீழ்ப்புளியூரிலிருந்து இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சுடலைவடிவு, மின்னியல் டிப்ளமோ. பொன்னுத்துரை, வெல்டிங். ஒரே ஊர் என்பதால் இருவரையும் ஒரே குழுவில் போட்டேன். போக வரத் துணையாக இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். கிரிக்கெட் அணியில் தகராறு, நான் தலையிட்டுச் சமாதானம் செய்தேன், அணி வென்றது. யாரோ ஒருவன் வலையில் பார்த்ததை அத்தனை பேரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

"உண்மையைச் சொல்லுங்கள்" என்றேன்.

"சார், கிரிக்கெட்டே இருக்கட்டும்" என்றான் பொன்னுத்துரை. "ஜெர்மனிக்காரனுக்குக் கிரிக்கெட்டு தெரியாது. எத்தன கோலு போட்டுச் செயிச்சோம்னு சொன்னாலும் நம்பிருவான். நம்ம ஊரு உண்மையச் சொன்னா, விசாவ நம்ம கையில குடுத்துட்டுப் போலீஸக் கூப்பிட்டுருவான்."

வகுப்பே சிரித்தது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாடியில் என் அலுவலக அறைக் கதவின் தாழ் துருவேறி நகரவே இல்லை. காலையில் தேங்காயெண்ணெய் விட்டேன்.

அப்போது கீழே முற்றத்தில் சண்டை. சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டியிருக்கும் கலர் கயிறுகளை மையத்துக்குள் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. கழற்ற மறுத்த ஒருவனின் கயிற்றை வேறொருவன் இடுக்கியால் வெட்டிவிட்டான். வெட்டியவனை இவன் வெல்டிங் கம்பியால் அடித்தான். காது கிழிந்து தொங்கியது. விழுந்தவனின் வயிற்றில் மூன்று பேர் மிதித்தார்கள். மிதிக்கும்போது ஒருவரும் பேசவில்லை. அதுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

வாட்ச்மேன் சங்கரபாண்டி பட்டாளத்தில் இருந்தவர். வாளித் தண்ணீரை எடுத்து மொத்தமாக ஊற்றி விலக்கிவிட்டார். பிறகு மேலே பார்த்து, "சார், முடிஞ்சிட்டு. வெளிய வரலாம்" என்றார்.

நான் ஒளியவில்லை. எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று உள்ளே நின்று தாழைப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஒரு விரலால் நகர்கிறது.

ஜூன் 26, வியாழன்

இன்று சுடலைவடிவின் முறை. அறையில் நானும் அவளும் கேமராவும்தான். தொடங்குமுன், "சார், இங்க சொன்னது இங்கயே இருக்கும்லா?" என்று கேட்டாள். விதி அதுதான் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"எங்கப்பா பஞ்சாயத்துத் தண்ணி டேங்க் ஆபரேட்டர். அன்னைக்கு அவுகளுக்குக் காய்ச்சல். பிளீச்சிங் பவுடர் போட நான்தான் டேங்குக்கு மேல ஏறுனேன். மேல நின்னா ஊரு பூராத் தெரியும். எங்கண்ணன் பலவேசம் பம்புசெட்டுல குளிச்சிட்டு பைக்குல வாரான். மொத நாளு வேற சாதிக்காரங்க தெருவுல ஆரன் அடிச்சிட்டுப் போயிட்டான்னு பேச்சு ஆயிருந்துச்சு. பாதையில மூணு பேரு நிக்காங்க. இது நிலைமை சார்.

"அண்ணன் பைக்கப் போட்டுட்டு ஓடுனான். மொத வெட்டு முதுகுல. ரெண்டாவதுக்குக் கையத் தூக்குனான். கை தனியா விழுந்துச்சு. அவன் கத்தல. கத்தியிருப்பான், மேல காத்துல எனக்குக் கேக்கல. விழுந்த பொறவும் வெட்டுனாங்க, வெறகு பொளக்க மாதிரி. நான் டேங்க் மூடி மேல குப்புறப் படுத்துக்கிட்டேன். இருட்டுன பொறவுதான் எறங்குனேன். இது நான் செஞ்சது.

"விளைவு, எங்கம்மாவுக்கு ஒரு புள்ள மிச்சம்."

முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டேன். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?

"மேல ஏறுனா எல்லாந் தெரியும் சார். எறங்குனா ஒண்ணும் தெரியக் கூடாது. அந்த மூணு பேரும் ஜாமீன்ல இருக்காங்க, பாத்த சாட்சி இல்லன்னு. மூணு பேரையும் எனக்குத் தெரியும். பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ஒக்காருவாங்க."

பத்துக்கு ஒன்பது போட்டேன். மூன்று பகுதியும் துல்லியம். 'நான்' என்று பேசினாள். ஒரு சொல் கூடுதல் இல்லை. விளைவு சற்றுச் சுருக்கமாக இருந்ததால் ஒன்று குறைத்தேன்.

ஜூன் 28, சனி

வாரத்தின் சிறந்த பதில் எது என்பதில் ஐயமே இல்லை. மருத்துவப் பரிசோதனைக்காக வடிவு மதுரை போயிருந்தாள். கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முறை தவறக் கூடாது என்று கூடத்தில் காட்டினேன்.

கிரிக்கெட் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கலாம் என்றிருந்தேன். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பாதியில் பொன்னுத்துரை எழுந்தான். "தண்ணி குடிச்சிட்டு வாரேன் சார்." திரும்பி வரவில்லை.

கூடத்து மின்விசிறி சத்தம் போடுகிறது. ஆள் பார்க்க வேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

நான் மொழிபெயர்ப்போடு அனுப்பிய பதிவைப் பார்த்துவிட்டு ஹைக்கே எழுதியிருக்கிறார்: "அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கினீர்களா?" இதுதான் நம் வழிமுறை என்று பதில் எழுதினேன். அனுப்பிய பிறகு மூன்று முறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் வடிவு மையத்துக்கு வந்தாள். பையில் நான்கு உடுப்பு. நெற்றியில் கல் பட்ட காயம், காய்ந்த இரத்தத்தோடு முடி ஒட்டியிருந்தது.

நேற்று கீழ்ப்புளியூரில் அவள் வீட்டின் மேல் கல் விழுந்திருக்கிறது. பிறகு டேங்கைத் திறக்கப் போன அப்பாவை அடித்திருக்கிறார்கள். வால்வு திருகும் இரும்புச் சாவியாலேயே இரண்டு முழங்காலையும் உடைத்திருக்கிறார்கள். "இனிமே ஒங்க குடும்பத்துல ஒருத்தரும் மேல ஏறக் கூடாது" என்றார்களாம். (கேள்விப்பட்டது. ஆனால் காயத்தை நான் பார்த்தேன்.)

"யாரு சார் போட்டுக் காட்டச் சொன்னா?"

"அதுதாம்மா வழிமுறை. சிறந்த பதிலை..."

"எனக்கு எத்தன மார்க்கு?"

"ஒன்பது."

அவள் பையைத் தரையில் வைத்தாள். "ஒரு மார்க்கு எதுக்கு சார் கொறச்சீங்க?"

 தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

சங்கரபாண்டிதான் மையத்துக்குப் பின்னாலுள்ள பெண்கள் விடுதியில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். அந்த மூன்று பேரில் முதல் ஆள் தங்கையா என்கிற காண்டிராக்டர் என்பதையும் அவர்தான் சொன்னார். "பொன்னுத்துரைக்குத் தாய்மாமன் சார். தெரியாதா? ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில போட்டீங்களே."

போகிற வழியில் துணை என்று நினைத்தேன்.

ஜூலை 2, புதன்

இரத்த அழுத்தம் கூடுதல். மாத்திரை மாற்றவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலையில் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். "சார் வீடுதான? நான் தங்கையா. கீழ்ப்புளியூரு."

உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டே இருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

"எம் மருமகன் ஒங்களப் பத்திப் பெருமையாச் சொல்லுவான் சார். படிச்ச மனுசரு, பதவிசா இருப்பாருன்னு. அதான் பாத்துட்டுப் போலாம்னு." சுற்றிலும் பார்த்தார். "ரெண்டு பேரு மட்டுந்தான் இருக்கீகளா? புள்ளைங்க?"

"மகள் பெங்களூரில்."

"தெரியும். கேட்டேன்." சிரித்தார். "ஒண்ணுமில்ல சார். இண்டர்வியூக்குன்னு புள்ளைங்க என்னத்தையாவது சோடிச்சுப் பேசும். கிரிக்கெட்டும்பான், அதும்பான், இதும்பான். எல்லாம் நடிப்புதான? அந்தப் புள்ள சொன்னதும் நடிப்புதான்னு ஒரு கடுதாசி ஒங்க கையெழுத்தோட குடுத்துருங்க. ரெண்டு வரி போதும். அவ பாட்டுக்கு ஜெர்மனி போட்டும், எனக்குச் சந்தோசம். நம்ம ஊருப் புள்ளதான?"

"யோசிக்கணும்" என்றேன்.

"யோசிங்க. படிச்சவுக யோசிக்கத்தான் செய்வீக." எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்து, "அம்மா, வாரேன். இந்த மாடிப்படியில கைப்பிடி இல்லியே. சார் பாத்து எறங்கணும். இந்த வயசுல விழுந்தா எலும்பு கூடாது" என்றார்.

அவர் போனதும் காந்திமதி வெளியே வந்தாள். "யாரு அது?"

"மாணவனின் மாமா."

"மாமாவா? வாசல்ல ரெண்டு தடியனுவ செருப்பக் கழத்தாம நிக்கானுவ. இது என்ன மாமா?"

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சிப் பதில்கள் பெரும்பாலும் கற்பனையே என்று இரண்டு வரி தட்டச்சு செய்தேன். புள்ளிவிவரப்படி அது பொய்யும் அல்ல. கையெழுத்திடவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

கூடத்து மின்விசிறியைப் பழுது பார்த்தாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

ஹைக்கே நேரில் வந்துவிட்டார். உயரமானவர், ஐம்பது வயது இருக்கும். முதல் வேலையாகக் காவல் நிலையம் போய், வடிவுக்குப் பாதுகாப்பு கேட்டார். ஒரு கான்ஸ்டபிளை வாசலில் போட்டிருக்கிறார்கள். நாளை இறுதி நேர்முகத் தேர்வு. அதில் தேறினால்தான் வடிவுக்கு ஒப்பந்தம், விசா, எல்லாம். ஊருக்கு இனி அவள் திரும்ப முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பொன்னுத்துரையும் வந்திருந்தான்.  நகைச்சுவை இல்லாத அவன் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

ஜூலை 12, சனி

இன்று நடந்தது.

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஆகவே தேர்வைக் கீழே கூடத்தில், சன்னல்களைத் திறந்துவைத்து நடத்தினார்கள். நான் சான்றிதழ்களை அடுக்க மாடி அறைக்குப் போனேன். தங்கையா தொலைபேசியில் மூன்று தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போன நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். முகத்தில் துண்டு. விடுதியிலிருந்து முற்றம் வழியாக வந்துகொண்டிருந்த வடிவு அவர்களைப் பார்த்ததும் கிட்டத்திலிருந்த மாடிப்படியில் ஏறி ஓடிவந்தாள். என் கதவைத் தட்டினாள். "சார்! சார்! தொறங்க சார்!"

காற்றுக்குப் புழுதி ஏறித் தாழ் இறுகியிருந்தது. திறக்க முடியவில்லை.

அவள் முதுகில் அரிவாள் விழுந்த சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல இருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை திறந்துகொண்டது. இரண்டாவது வெட்டு ஓங்கும்போது பின்னாலேயே ஓடிவந்த பொன்னுத்துரை நடுவில் பாய்ந்தான். நீலச் சட்டை, இடது காலில் செருப்பு இல்லை.

"மாமா, வேண்டாம் மாமா! நான் சொல்லிக்கிடுதேன் அவகிட்ட, வேண்டாம்!"

"வெலகுலே! சோத்துக்கு எங்க வீட்டுக்கு வருவ, வக்காலத்துக்கு இவளுக்கு வாரியோ!"

அவன் வலது கையால் அரிவாளைப் பிடித்தான். இழுத்தபோது நான்கு விரல்களும் படியில் விழுந்தன. ஒன்று உருண்டு கீழ்ப் படிக்குப் போனது. பொன்னுத்துரை அதைக் குனிந்து எடுக்கப் பார்த்தான். எடுப்பதற்கு அந்தக் கையில் விரல் இல்லை.

மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். வெட்டியவர் மட்டும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்துத் துண்டை உருவி மருமகனின் கையைச் சுற்றினார். "ஏலே, ஏலே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே நாற்காலிகள் விழும் சத்தம் கேட்டதும் எழுந்து பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்.

ஹைக்கே ஓடிவந்து தன் சால்வையை வடிவின் முதுகில் அமுக்கிப் பிடித்தார். சங்கரபாண்டி விரல்களைப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டார்.

நான் கதவுக்கு உள்ளே இருந்தேன். எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

படியைக் கழுவியும் கறை போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்ஸ்பெக்டர் வந்தார். என் மேசை, கதவு, கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடிச் சன்னல் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சார் எங்க இருந்தீங்க?"

"உள்ளே."

"கதவுக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அந்தப் புள்ள. நடுவுல ஒரு பலகை. யாருன்னு பாக்கல?"

"இல்லை."

"சத்தம்?"

"மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை."

"அன்னைக்குக் கரண்டே இல்லையே சார்."

 அவர் ஒரு விரலால் தாழைத் தள்ளினார். நகர்ந்தது. மறுபடி இழுத்தார், தள்ளினார். "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

திருநெல்வேலி மருத்துவமனை. ஹைக்கேயும் நானும்.

பொன்னுத்துரையின் விரல்களில் இரண்டை ஒட்டியிருக்கிறார்கள். பிடிக்குமா என்று சொல்ல முடியாதாம். "அந்தம்மாகிட்ட கேளுங்க சார், ஜெர்மனியில எடது கை வெல்டருக்கு வேல இருக்கான்னு" என்றான். மொழிபெயர்த்தேன். ஹைக்கே சிரிக்கவில்லை, அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமாவுக்கு நீதான் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"அம்மாட்டதான் சார் சொன்னேன். யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அம்மா அழுதா. ஏன் அழுதன்னு மாமா கேட்டுருக்காரு." மேலே பார்த்தான். "போலீஸு கேட்டா நான் அவரு பேரச் சொல்ல மாட்டேன் சார். கைய வெட்டுனதும் அவருதான். இந்தக் கையப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டதும் அவருதான்."

வடிவு குப்புறப் படுத்திருந்தாள். முதுகு முழுக்கத் தையல். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிப் பேசினாள்.

"ஒக்காருங்க சார்."

உட்கார்ந்தேன்.

"நீங்க உள்ளதான் இருந்தீங்க. ஒங்க செருப்பு வெளிய கெடந்துச்சு. அதப் பாத்துதான் நான் தட்டுனேன்."

அவள் குரலில் கோபம் இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் கோவிச்சுக்கிடல சார். நானுந்தான டேங்குல படுத்துக் கெடந்தேன். ஆனா ஒண்ணு. இன்ஸ்பெக்டரு சொல்லுதாரு, மாஜிஸ்திரேட்டு முன்னால சொல்லிட்டா அது நிக்குமாம். எங்கண்ணன் கேசுக்குப் பாத்த சாட்சி நான் ஒருத்திதான். நான் சொல்லப் போறேன். இந்தக் கேசுக்கு? நான் கதவப் பாத்து நின்னேன். பின்னால வெட்டுனது யாருன்னு நான் பாக்கல. சத்தத்த வச்சுச் சொன்னா வக்கீலு கிழிச்சிருவான். பொன்னுத்துரை சொல்ல மாட்டான். கீழ உள்ளவுக துண்டத்தான் பாத்தாக. நீங்க ஒருத்தருதான் சார் எங்க எல்லாருக்கும் எதுக்க நின்னது."

"எனக்கு வயதாகிவிட்டது அம்மா."

"ஆமா சார்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஹைக்கே ஊர் திரும்புமுன் வடிவின் நேர்முகத் தேர்வைக் கட்டிலருகிலேயே நடத்தினார். மோதல் பற்றிய கேள்வியைத் தாளில் அடித்துவிட்டிருந்தார். "என்ன வேலை செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரியாது?" என்று கேட்டார். வடிவு, பழுதான மோட்டாரைப் பிரித்துச் சுருள் சுற்றுவது பற்றிப் பேசினாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தேறிவிட்டாள். காயம் ஆறியதும் அக்டோபரில் பயணம்.

வெளியே வந்ததும் ஹைக்கே என்னிடம் சொன்னார்: "அது வழிமுறை என்று எனக்கு எழுதினீர்கள். வழிமுறை என்னுடையதும்தான் பேராசிரியரே. எங்கள் ஊரில் மோதல் என்றால் அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்த பாலை யார் குடித்தது என்பது. அந்த நினைப்பில் இந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பினேன்." பிறகு, "நான் விமானம் ஏறிவிடுவேன். நீங்கள் இங்கே இருப்பீர்கள். ஆகவே நான் எதையும் கேட்க மாட்டேன்" என்றார்.

கேட்டிருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையிலிருந்த தாளைக் காந்திமதி பார்த்துவிட்டாள். படித்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தக் கண்டேன். பயமாத்தான் இருக்கு. அவன் மாடிப்படியப் பாத்துட்டுப் போனதுலேருந்து எனக்கு ஒறக்கம் இல்ல." துணியை உதறினாள். "ஆனா அன்னைக்கு அவன் கொண்டாந்த பழத்தப் பூராவும் எதுத்த வீட்டு மாட்டுக்குத்தான் போட்டேன். நாம ஒண்ணும் அவன் பழத்தத் திங்கல."

பிறகு, "படிக்கு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

தாளைக் கிழித்தேன். கொத்தனுக்குச் சொல்லி அனுப்பினேன். பிறகு இன்ஸ்பெக்டருக்குத் தொலைபேசினேன். இந்த மூன்றையும் இந்த வரிசையில் செய்தேன்.

ஜூலை 24, வியாழன்

நீதிமன்றத்தில் வெளிப்பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வடிவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். முதலில் அவளை உள்ளே அழைத்தார்கள். கதவு சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரும்போது என்னைப் பார்த்தாள். பிறகு என் செருப்பைப் பார்த்தாள். நான் அதைக் கழற்றி அறைவாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். பழக்கம்.

மாஜிஸ்திரேட் இளம்பெண். என் மகளைவிட வயது குறைவு. பயமுறுத்தி யாரும் அழைத்து வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பயம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. மூன்று பகுதியாகச் சொன்னேன்.

நிலைமை: நான் உள்ளே இருந்தேன். மின்சாரம் இல்லை, மின்விசிறி ஓடவில்லை, எல்லாம் கேட்டது. கதவுக்குப் பக்கத்துச் சன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. வெட்டியவர் தங்கையா. பொன்னுத்துரை அவரை மாமா என்று கூப்பிட்டது கேட்டது. அவர் துண்டை உருவியபோது முகத்தைப் பார்த்தேன். என் வீட்டில் உட்கார்ந்திருந்த அதே முகம். நெற்றியில் அன்றும் திருநீறு இருந்தது.

அவர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

இந்த இடத்தில் மாணவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். 'நாங்கள்' என்று ஆரம்பிப்பார்கள், 'அப்படி ஆகிவிட்டது' என்பார்கள். நான் எத்தனையோ பேரை நிறுத்தித் திருத்தியிருக்கிறேன்.

"அந்தப் பெண் படியேறி வருவதைப் பார்த்ததும் நான் தாழைப் போட்டேன்" என்றேன். "தாழ் இறுகியிருக்கவில்லை. நானே எண்ணெய் விட்டது. ஒரு விரலால் போட்டேன். அவள் தட்டும்போது என் கை தாழின் மேலேயே இருந்தது."

"இதச் சொல்லணும்னு அவசியமில்ல" என்றார் அவர் மெதுவாக.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "இது நான் செய்தது."

வெளியே வந்தபோது பெஞ்சில் தங்கையாவின் ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து நின்று, மரியாதையாக, "சார், செருப்பு" என்று என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினான். போட்டுக்கொண்டேன். 

வீட்டில் கொத்தன் கைப்பிடிக்குக் குழாய் நட்டிருக்கிறான். சிமெண்ட் இன்னும் காயவில்லை, பிடிக்கக் கூடாது என்று காந்திமதி சொன்னாள்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று முதல் மூன்று வரை சரி. நான்காவதை நான் ஒருநாள் மீறினேன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். அது என் பிழை, குறிப்பின் பிழை அல்ல. ஐந்தாவதை ஒரு பேனாக் கோட்டால் அடித்தேன். பிறகு, அடித்தால் என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் போகுமே என்று, பக்கத்தில் மறுபடி தெளிவாக எழுதிவைத்தேன்: என்னால் யாருக்கும் பெரிய நன்மையோ கெடுதலோ நேராது என்று எழுதியிருந்தேன். அது தவறு.